பாலையின் நடுவே ஒரு பனிச்சிகரம்

பாலைநிலம் என்றதும் மணலும் வெயிலுமே நம் மனக்கண்முன் தோன்றும். ஆனால், உலகின் மிக வெப்பமான பாலைகளுள் ஒன்றின் விளிம்பிலேயே குளிர்காலத்தில் பனி போர்த்து நிற்கும் சிகரம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள மரணப் பள்ளத்தாக்கின் மேற்கெல்லையாகப் பானமின்ட் மலைத்தொடர் அமைந்துள்ளது. அதன் மிக உயர்ந்த முடியே டெலஸ்கோப் சிகரம். அதன் உயரம் ஏறத்தாழ 3,366 மீட்டர். அதற்குக் கிழக்கே, பள்ளத்தாக்கின் தரையிலுள்ள பேட்வாட்டர் என்னும் உப்புப்படுகையோ கடல்மட்டத்திற்கும் 86 மீட்டர் கீழே கிடக்கிறது.

இத்தகைய முரண் எவ்வாறு ஏற்பட்டது? பசிபிக் பெருங்கடலிலிருந்து வீசும் ஈரக்காற்று, மேற்கே உயர்ந்து நிற்கும் சியரா நெவாடா முதலான மலைத்தொடர்களில் தன் ஈரத்தைப் பொழிந்துவிடுகிறது. எஞ்சிய வறண்ட காற்று கீழிறங்கும்போது மேலும் வெப்பமடைகிறது. எனவே, இப்பள்ளத்தாக்கு மழைமறைவுப் பகுதியாயிற்று. 1913ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் இங்குப் பதிவான 56.7 டிகிரி செல்சியஸ், உலகின் மிக உயர்ந்த காற்று வெப்பநிலையாக ஏற்கப்பட்டுள்ளது. அதேவேளையில், உயரம் 1,000 மீட்டர் கூடுந்தோறும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறைகிறது. ஆகவே, தரை கொதிக்கும் வேளையிலும் சிகரத்தில் அதனினும் இருபது டிகிரிக்குமேல் வெப்பம் குறைந்திருக்கும்.

இச்சிகரத்தை ஒரே பகற்பொழுதில் ஏறி இறங்கலாம். ஏறத்தாழ 2,480 மீட்டர் உயரத்திலுள்ள மகாகனி பிளாட் என்னுமிடத்தில் நடைபாதை தொடங்குகிறது. போகவும் வரவும் 22 கிலோமீட்டர். ஏற வேண்டிய உயரம் ஏறத்தாழ 900 மீட்டர். தொடக்கத்தில் பின்யன் பைன் மரங்கள் நிழல் தருகின்றன. உச்சியை நெருங்குகையில், காற்றால் முறுக்குண்ட பிரிஸ்டில்கோன் பைன் மரங்களைக் காணலாம். இவ்வினத்தில் நாலாயிரம் ஆண்டுகளைக் கடந்து வாழும் மரங்களும் உண்டு. வானம் தெளிந்திருந்தால், உச்சியின் மேற்கே 4,421 மீட்டர் உயரமுள்ள விட்னி சிகரமும் கிழக்கே பேட்வாட்டர் படுகையும் தென்படும். அலாஸ்கா, ஹவாய் நீங்கலான அமெரிக்க மாநிலங்களின் மிக உயர்ந்த இடமும் மிகத் தாழ்ந்த இடமும் இவையே.

ஆயினும், இப்பாதையில் குடிநீர் கிடையாது. வறண்ட காற்றில் வியர்வை உடனே உலர்ந்துவிடுவதால், உடல் நீரிழப்பதை நடப்பவர் எளிதில் உணர்வதில்லை. எனவே, தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அவ்வப்போது நீர் பருக வேண்டும். விடியலிலேயே புறப்பட வேண்டும். திரும்பும் நேரத்தை முன்னரே வரையறுத்துக்கொள்ள வேண்டும். அந்நேரம் வந்துவிட்டால், உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும் திரும்புவதே அறிவுடைமை. கோடையில் இடிமின்னலும் குளிர்காலத்தில் வழுக்கும் உறைபனியும் இங்கு உயிருக்கு ஊறு செய்யவல்லவை.

திரும்பி வருவதன் மதிப்பை இந்நிலத்தின் வரலாறும் உணர்த்துகிறது. 1849ஆம் ஆண்டின் இறுதியில், கலிபோர்னியாவின் பொன்வயல்களுக்குக் குறுக்குவழி தேடிய பயணிகள் சிலர் இப்பள்ளத்தாக்கில் சிக்கினர். உணவு குறைந்து, எருதுகளும் மெலிந்தன. உதவி தேடி வில்லியம் மேன்லி, ஜான் ரோஜர்ஸ் என்னும் இருவர் நடந்தே சென்றனர். பாதுகாப்பான ஊரை அடைந்தபின் அவர்கள் அங்கேயே தங்கிவிடவில்லை. உணவுடன் மீண்டும் அப்பாலைக்கே வந்து, காத்திருந்த குடும்பங்களை மீட்டனர். டெலஸ்கோப் சிகரத்திற்குச் செல்லும் வழியிலுள்ள ரோஜர்ஸ் சிகரம் இன்றும் அவர்களுள் ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வழி தவறியோர் மரணத்தைக் கண்ட அதே இடம், டிம்பிஷா ஷோஷோனி என்னும் தொல்குடியினருக்குத் தாய்நிலம். குளிர்காலத்தில் பள்ளத்தாக்கிலும் கோடையில் மலையின் குளிர்ந்த பகுதிகளிலும் அவர்கள் வாழ்ந்தனர்; பின்யன் மரத்தின் கொட்டைகளைத் திரட்டி உணவாகச் சேமித்தனர். தங்கள் தாய்நிலத்தின் ஒரு பகுதிக்கான உரிமையை அவர்கள் 2000ஆம் ஆண்டில் சட்டத்தின்வழி மீண்டும் பெற்றனர்.

வெயிலும் பனியும் இருசாராருக்கும் ஒன்றே. எக்காலத்தில் ஏறுவது, எக்காலத்தில் இறங்குவது என்பதை ஒரு சாரார் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தனர். மற்றவர் அறியாது வந்தனர். இன்று இம்மலையில் ஒருநாள் நடப்பவரையும் காப்பது, காலமும் இடமும் அறிந்த அந்த அறிவே.