வீட்டுக் கூடத்தில் ஒரு மேனாட்டுக் கச்சேரி

மட்டக்களப்பு வாவியில் மீன் பாடும் என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் செய்தி. பிரித்தானியர் ஆட்சியில் இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், 1848ஆம் ஆண்டில் இங்கு வந்து, இரவு வேளையில் தோணியேறிச் சென்று அவ்வொலியைத் தம் காதாலேயே கேட்டார். 1859இல் வெளியான தமது நூலில் அதைப்பற்றி எழுதியும் வைத்தார். ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் மெல்லிய ஓசையை அவர் அதற்கு உவமை கூறுகிறார். தோணியின் பலகையிலே காதை வைத்தபோது அந்த ஓசை இன்னும் நன்றாகக் கேட்டதாம்.

நம் மீனவர்களும் இதையே செய்வார்கள். துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு, மறுமுனையைக் காதோடு சேர்த்து, மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பார்கள். வாவியின் பாட்டைக் கேட்க வேண்டுமானால், முதலில் நாம் பேச்சை நிறுத்த வேண்டும். இந்தச் சிறு பாடத்தை, வாவிக்கரையில் வாழும் நாமே பல வேளைகளில் மறந்துவிடுகிறோம். மேனாட்டு ரொக் இசை என்றதும் காதைப் பொத்திக்கொள்ளும் பெரியோர் நம்மிடையே எத்தனை பேர்! கூத்து மத்தளம் கேட்டதும் எழுந்து அறைக்குள் போய்விடும் பிள்ளைகள்தாம் எத்தனை பேர்!

அண்மையில் ஒரு ஞாயிறு மாலை, கல்லடியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நிகழ்ந்ததை இங்கே சொல்ல விரும்புகிறோம். பல்கலைக்கழகத்தில் படிக்கும் பேரன், தொலைக்காட்சியில் ஒரு கச்சேரிப் படத்தைப் போட்டான். சாய்மனைக் கதிரையில் இருந்த அம்மம்மா சிறிது நேரம் பார்த்தார்.

“என்ன மனே இது? தகரத்தைப் போட்டு அடிக்கிறாங்களா?” என்று கேட்டார்.

“கொஞ்சம் பொறுங்க, அம்மம்மா. இது ஏன் பாடினது எண்டு முதல்ல சொல்றன்” என்றான் அவன். படத்தை நிறுத்திவிட்டுக் கதையைச் சொல்லத் தொடங்கினான். அக்கதை நம் வாசகர்களும் அறிய வேண்டியது.

1970ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 12ஆம் திகதி, அன்றைய கிழக்குப் பாகிஸ்தானைப் பெரும் புயலொன்று தாக்கியது. கடல் எழுந்து கரையோரத் தீவுகளை விழுங்கியது. மாண்டவர்கள் 3 இலட்சத்துக்குக் குறையார் என்பது கணக்கு. அந்தத் துயர் ஆறுமுன்னே, 1971 மார்ச்சில் போர் மூண்டது. ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் எல்லை கடந்து இந்தியாவில் அடைக்கலம் புகுந்தனர். வங்காளத்தைப் பூர்வீகமாகக் கொண்ட சித்தார் மேதை ரவிசங்கரின் உள்ளம் இதைக் கண்டு கலங்கியது. அவர் தம் மாணவரும் நண்பருமான ஜோர்ஜ் ஹரிசனிடம் சென்றார். உலகையே மயக்கிப் பின் பிரிந்துபோன ‘பீட்டில்ஸ்’ குழுவின் நால்வருள் ஒருவர் அவர். ரவிசங்கர் எதிர்பார்த்தது 25,000 டொலர் அளவில் ஒரு சிறு தொகையே. ஹரிசனோ சில வாரங்களுக்குள் நண்பர்களையெல்லாம் அழைத்துத் திரட்டிவிட்டார்.

1971 ஆகஸ்ட் 1ஆம் திகதி, நியூயோர்க் நகரின் மடிசன் ஸ்குவெயர் கார்டன் அரங்கில், பகலில் ஒன்றும் இரவில் ஒன்றுமாக இரண்டு கச்சேரிகள் நடந்தன. இரண்டுக்கும் சேர்ந்து சுமார் 40,000 பேர் திரண்டனர். அவற்றைப் படமாக்கி 1972இல் வெளியிட்டார்கள். பேரன் போட்டது அந்தப் படத்தைத்தான். அதில் செய்தியாளர் ஒருவர், இவ்வளவு துன்பங்கள் இருக்க வங்காளதேசத்துக்கு மட்டும் ஏன் உதவுகிறீர்கள் என்று வினவுகிறார். ஹரிசன் பெரிய தத்துவம் எதுவும் பேசவில்லை. நண்பர் ஒருவர் உதவி கேட்டார், அதனால் செய்கிறோம் என்ற கருத்திலேயே மறுமொழி கூறுகிறார்.

புயல் என்ற சொல்லைக் கேட்டதும் அம்மம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவை மட்டக்களப்பார் எவரும் மறக்க முடியுமா? ஓடுகளும் கூரைகளும் கடதாசி போலப் பறந்தன. தென்னந்தோப்புகள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. 900க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்த இரவைக் கண்டவர்க்கு, வங்காளத்தின் துயரை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

படம் மீண்டும் ஓடியது. முதலில் வந்தவை கிட்டாரும் முரசும் அல்ல. ரவிசங்கரின் சித்தார், அலி அக்பர் கானின் சரோட், அல்லா ராக்காவின் தபேலா, கமலா சக்கரவர்த்தியின் தம்புரா ஆகியவை. புகை பிடிக்க வேண்டாம் என்றும், பொறுமையோடு கேட்க வேண்டும் என்றும் ரவிசங்கர் சபையோரைக் கேட்டுக்கொள்கிறார். பின்பு நால்வரும் சுருதி கூட்டுகிறார்கள். கூட்டி முடித்து நிறுத்தியதுதான் தாமதம், அரங்கம் அதிரக் கைதட்டல் எழுகிறது! சுருதி கூட்டியதையே கச்சேரி என்று எண்ணிவிட்டார்கள் பாவம். ரவிசங்கர் முகம் கோணவில்லை. சுருதி கூட்டியதையே இவ்வளவு விரும்பினீர்களானால், வாசிப்பை இன்னும் விரும்புவீர்கள் என நம்புகிறோம் என்னும் பொருள்படப் புன்னகையோடு கூறித் தொடங்குகிறார்.

அம்மம்மா வாய்விட்டுச் சிரித்தார். பேரனோ சற்று நாணமடைந்தான். “நானும் முதல் தரம் பார்க்கக்குள்ள அப்படித்தான் நினைச்சன்” என்று ஒப்புக்கொண்டான். அறியாமல் கைதட்டியவர்களை நாம் எள்ளுவதற்கில்லை. மத்தளமும் சல்லரியும் ஒலிக்க, வட்டக்களரியில் விடிய விடியக் கூத்து நடக்கும்போது, வடமோடிக்கும் தென்மோடிக்கும் வேறுபாடு அறியாமல் எழுந்து போகும் நம் பிள்ளைகளின் நிலை என்ன? தெரியாதவர் கைதட்டினாலும் குற்றமில்லை. அவர்கள் இருந்து கேட்டார்கள் அன்றோ? எழுந்து போயிருந்தால் அடுத்து வந்த இசையை இழந்திருப்பார்கள்.

அதன்பின் ரொக் இசை தொடங்கியது. ரிங்கோ ஸ்டாரும் ஜிம் கெல்ட்னரும் இருபுறமும் இருந்து முரசு முழக்குகிறார்கள். உடல்நலம் குன்றியிருந்த எரிக் கிளப்டனும் கிட்டாரோடு நிற்கிறார். பில்லி பிரெஸ்டன், பாடிக்கொண்டே ஓர்கனைவிட்டு எழுந்து மேடையிலே ஆடிவிடுகிறார். “கூத்துக்காரன் மாதிரி ஆடுறானே!” என்றார் அம்மம்மா. அவர் சொன்னதில் உண்மை உண்டு. இசைத்தட்டுக் கூடத்தில் பிழை வந்தால் திரும்பப் பாடலாம். மேடையிலோ களரியிலோ அது முடியாது. அந்த நொடியில் உள்ளம் பொங்குவதைக் காண்பதற்காகவே மேடைக் கச்சேரியின் பதிவைப் பார்க்கிறோம்.

வீட்டில் இத்தகைய பதிவைப் பார்க்க விரும்புவோர்க்கு இரண்டொரு குறிப்புகள் கூறுவோம். கைத்தொலைபேசியின் சிற்றொலிபெருக்கியால் தாழ்ந்த சுரங்களை எழுப்ப இயலாது. அதனால் பேஸ் கிட்டாரும் பெருமுரசும் மறைந்து, கூரிய ஓசைகள் மட்டுமே காதைக் குத்தும். பெரியோர் ‘தகரம்’ என்று சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுவே. சற்றுப் பெரிய ஒலிபெருக்கியை இணைத்து, ஓசையை மிதமாக வைத்தால் இசையின் அடித்தளம் புலப்படும். முதல் முறை பாடகரைப் பின்தொடருங்கள். மறுமுறை ஒரு வாத்தியத்தை மட்டும் பின்தொடருங்கள். தெரிந்தவர் தெரியாதவர்க்குக் கதையைச் சொல்லுங்கள். பாட்டு நடக்கையில் மட்டும் பேசாதிருங்கள்.

கச்சேரியால் பயன் விளைந்ததா என்று மாணவர்கள் வினவலாம். நுழைவுச் சீட்டில் சேர்ந்த 243,418 டொலர் யுனிசெப் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இசைத்தட்டும் படமும் ஈட்டிய பெருந்தொகையோ வரிச் சிக்கலில் அகப்பட்டு ஆண்டுக்கணக்கில் தேங்கிக் கிடந்தது. முன்கூட்டியே அறநிலைய ஏற்பாடுகளைச் செய்யாமல், உள்ளத்தின் வேகத்தில் இறங்கியதன் விளைவு அது. இரக்கம் இருந்தால் மட்டும் போதாது, அதற்குக் கணக்கும் ஒழுங்கும் துணைநிற்க வேண்டும். ஆயினும் வங்காளதேசம் என்ற பெயரை உலகத்து இளைஞர் பலர் முதன்முதலாகக் கேட்டது அந்தப் பாட்டின் வழியாகத்தான்.

படம் முடிந்தது. சிறிது நேரம் மௌனமாக இருந்த அம்மம்மா மெல்லக் கேட்டார்: “நம்மட ஆக்களுக்கும் ஆரும் இப்படிப் பாடினவங்களா, மனே?”

கூடத்தில் இருந்த எவரும் உடனே விடை கூறவில்லை. கல்லடிக்கு அப்பால், கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் நாவலடி எங்கள் நினைவில் எழுந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதிக் கடற்கோள் அங்கே ஓர் ஊரையே துடைத்தழித்ததை யாவரும் அறிவர்.

“பாடினாங்க, அம்மம்மா” என்றான் பேரன். 2005 ஜனவரி 22ஆம் திகதி, வேல்ஸ் நாட்டின் கார்டிப் நகரில், ஆசியக் கடற்கோளால் துன்புற்றவர்களுக்காக ஒரு பெருங்கச்சேரி நடந்தது. 60,000க்கு மேற்பட்டோர் கூடினர். 10 இலட்சம் பவுணுக்கு மேல் திரண்டது. அன்று மேடையேறியவர்களுள் ஒருவர் எரிக் கிளப்டன். “இப்ப பார்த்தீங்களே, கிட்டாரோட நிண்டவர், அவர்தான்” என்றான்.

அம்மம்மா ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொலைக்காட்சியைச் சுட்டிக் காட்டினார்.

“அந்தப் பொடியன் வாற இடத்தை இன்னொருக்காப் போடு, மனே. சத்தத்தைக் குறைக்காத.”