தீட்டின மரத்திலேயே பதம் பார்த்த கதை

'அறுவை', 'ரம்பம்', 'பிளேடு' - நான் வாயைத் திறந்தாலே நண்பர்கள் வழங்கும் பட்டங்கள். பட்டம்தான் கொடுத்தாகிவிட்டதே, அப்புறம் என்ன கூச்சம்? இந்த வாரம் நிஜ ரம்பத்தைப் பற்றியே எழுதிவிடுகிறேன். ரம்பம்கூட இல்லை. மரம் அறுக்கிற செயின் ரம்பத்துக்குச் சாணை பிடிக்கிற மெஷின். அந்த மெஷினைச் செய்து விற்றவர்கள் அருகிப்போன கதை. பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள் சார். இதில் ஒரு புழு வருகிறது, ஒரு ஆந்தை வருகிறது, கொஞ்சம் கணக்கும் வருகிறது.

முதலில் புழு.

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் ஆரெகன் என்று ஒரு மாநிலம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற டக்ளஸ் ஃபர் மரங்கள். அங்கே மரம் வெட்டிக்கொண்டிருந்த ஜோ காக்ஸ் என்பவர், 1946-ல் ஒரு கட்டையைக் குடைந்துகொண்டிருந்த விரல் தண்டிப் புழுவைப் பார்த்தார். நாமாக இருந்தால் 'உவ்வே' என்று நகர்ந்திருப்போம். அவர் உட்கார்ந்து கவனித்தார். புழு நெடுக்கிலும் குறுக்கிலும் அலட்டிக்கொள்ளாமல் மரத்தைத் தின்றது. காரணம், அதன் வளைந்த தாடைகள் வலமும் இடமுமாகச் சீவிய அழகு. அதே மாதிரி எஃகுப் பல் செய்து, 1947-ல் போர்ட்லண்ட் நகரில் தன் வீட்டு அடித்தளத்திலேயே வியாபாரம் ஆரம்பித்துவிட்டார் மனிதர். இன்று உலகத்தில் ஓடுகிற ரம்பச் சங்கிலிகளில் பெரும்பாலானவை அந்தப் புழுவின் பேரன், பேத்திகள்தான்.

வலமும் இடமும் என்றேன் அல்லவா, அதில்தான் சூட்சுமம். சாதாரணமாக 20 அங்குல ரம்பத்தின் சங்கிலியில் 36 பல் இருக்கும். வலது 18, இடது 18. எல்லாம் ஒரே நீளம், ஒரே கோணம் இருக்கவேண்டும். ஒரு பக்கம் குட்டையானால், ராத்திரி பத்து மணிக்குக் கடையிலிருந்து வீடு திரும்பும் 'குடிமகன்' மாதிரி ரம்பம் ஒரு பக்கமாக வளைந்து போகும். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சின்ன மேடு உண்டு. எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று பல்லுக்கு அளவு சொல்வது அதன் வேலை. பல்லுக்கும் மேட்டுக்கும் உயர வித்தியாசம், அங்குலத்தில் ஆயிரத்தில் 25 பங்கு!

இத்தனை நுணுக்கமும் மண்ணில் ஒரு தடவை பட்டால் போச்சு. பல் மழுங்கிவிடும். அப்புறம் உருண்டை அரத்தை எடுத்து ஒவ்வொரு பல்லாகத் தீட்ட வேண்டும். இல்லையென்றால் சாணை மெஷின். சாணையிலும் நிதானம் தேவை. அழுத்திப் பிடித்தால் சூடேறி, பல் நீலம் பாரித்துப் பதம் கெட்டுவிடும்.

வடமேற்கின் தொழில்முறை மரவெட்டிகளுக்கு இதெல்லாம் போதவில்லை. உருண்டை அரம் பல்லுக்குள் ஒரு குழிவை உண்டாக்கும். அவர்கள் விரும்பியது தச்சன் உளி மாதிரி தட்டையான இரண்டு முகங்கள், அவை ஒரு மூலையில் கச்சிதமாகச் சேர்கிற 'சதுரத் தீட்டு'. அது வெண்ணெயில் கத்தி போல் இறங்கும். ஆனால், அந்த மூலை மயிரிழை தப்பினாலும் வீண். அதற்கென்றே தனி மெஷின்கள் வந்தன. ஆரெகனில் ஈகிள் பாயின்ட் என்கிற சின்ன ஊரில் சில்வி; இன்னும் சிமிங்டன் என்று ஒரு பெயர். மரவெட்டிகள் இந்தப் பெயர்களை, நாம் பழைய ராஜ்தூத், புல்லட் பெயரைச் சொல்வது போல நெஞ்சில் கைவைத்துச் சொல்வார்கள்.

அப்படிப்பட்ட தொழில் ஏன் நசிந்தது? நான் பி.காம். எந்தத் தொழில் படுத்தாலும் முதலில் கணக்குப் புத்தகத்தைத்தான் புரட்டுவேன்.

முதல் காரணம், வாடிக்கையாளர் காலி. 1990 ஜூனில் வடக்குப் புள்ளி ஆந்தை என்ற பறவை, அழிவை நோக்கிப் போகும் உயிரினமாக அமெரிக்க அரசின் பட்டியலில் ஏறியது. பழங்காடு இருந்தால்தான் அது பிழைக்கும். வழக்குகள், தடையுத்தரவுகள், கடைசியில் 1994-ல் கிளின்டன் அரசின் வடமேற்கு வனத் திட்டம். ஆரெகனின் மத்திய அரசுக் காடுகளில் எண்பதுகளின் கடைசியில் வெட்டிய அளவில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தொண்ணூறுகளின் நடுவில் வெட்டவில்லை. நம் ஊரில் ஆந்தை அலறினால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். அங்கே அது அலறக்கூட இல்லை. பட்டியலில் பேர்தான் ஏறியது.

ஆனால், பழியை முழுக்க ஆந்தை தலையில் கட்டுவது அநியாயம். பெரிய மரங்களை ஏற்கெனவே வெட்டித் தீர்த்தாகிவிட்டது. மிச்சமிருந்த சின்ன மரங்களை வெட்ட ஏ.சி. கேபினில் உட்கார்ந்து லீவரைத் தள்ளுகிற ராட்சத மெஷின்கள் வந்துவிட்டன. ஒரு டிரைவர் பல பேர் வேலையைப் பார்க்கிறார். கையில் ரம்பம் பிடித்தவன் குறைந்தால், அந்த ரம்பத்துக்குச் சாணை மெஷின் வாங்குகிறவன் எங்கே?

இரண்டாவது காரணம், விலை. சதுரத் தீட்டு மெஷின் ஆயிரம் டாலருக்கு மேல். சாதாரண உருண்டைத் தீட்டு மெஷின்களை இத்தாலியில் டெக்கோமெக் போன்ற கம்பெனிகள் மொத்தமாகச் செய்து பல பேருக்கு, பல பெயரில் கொடுத்தன. அதைப் பார்த்துச் சீனாவில் ஒரு நகல். அது 100 டாலருக்கும் கீழே. வாரக் கடைசியில் விறகு வெட்டுகிற ஆசாமி எதை வாங்குவான் என்று சொல்ல பி.காம். தேவையில்லை.

மூன்றாவது, புதுச் சங்கிலியே 20, 30 டாலருக்குக் கிடைக்கிறது. 'தீட்டுவானேன்? தூக்கிப் போடு, வேறு மாட்டு.' பால்பாயின்ட் பேனா வந்ததும் ரீஃபில், ரீஃபில் போய் 'யூஸ் அண்ட் த்ரோ' ஆன அதே கதை.

நான்காவது காரணம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. மெஷின் ரொம்ப நன்றாக இருந்தது. கனமான இரும்பு. எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தால் அப்பாவுக்கு அப்புறம் பிள்ளை ஓட்டலாம். ஒரு தடவை வாங்கியவன் ஜென்மத்துக்கும் திரும்பி வர மாட்டான். இன்றும் பழைய சில்வி ஒன்று எங்காவது விற்பனைக்கு வந்தால் அடித்துப் பிடித்து வாங்குகிறார்கள். அந்தக் காசில் ஒரு சென்ட் கூட மெஷினைச் செய்த பட்டறைக்குப் போகாது. தீட்டின மரத்திலேயே பதம் பார்ப்பது என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தானோ?

கூடவே இன்னொரு கூட்டமும் கரைந்தது. கான்சாஸ் சிட்டியில் ஃபோலி-பெல்சா என்ற கம்பெனி, சாணை மெஷின்களை விற்றதோடு தபால் வழியில் தொழிலும் சொல்லிக் கொடுத்தது. 'பாப்புலர் மெக்கானிக்ஸ்' பத்திரிகையில் விளம்பரம் வரும். ஆபீஸில் ஃபைல் தள்ளுகிறவன் ராத்திரியில் கராஜில் ரம்பம் தீட்டி நாலு காசு பார்த்து, ஒருநாள் மேனேஜர் மூஞ்சியில் ராஜினாமாவை வீசலாம் என்பதுதான் அந்த வியாபாரத்தின் கனவு. நம்மில் எத்தனை பேருக்கு அந்தக் கனவு இல்லை, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்! தூக்கிப் போடும் காலத்தில், தீட்டித் தருகிறவனுக்கு என்ன கிராக்கி?

போகட்டும், ஆந்தையாவது பிழைத்ததா? அதுவும் தடுமாறுகிறது. கிழக்கிலிருந்து வந்த இன்னொரு ஆந்தை இனம் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. வந்தேறி ஆந்தைகளை முப்பது வருடத்தில் சுமார் நாலரை லட்சம் வரை சுடலாம் என்று 2024-ல் அரசு திட்டம் போட்டிருக்கிறது. ஆந்தைக்காக ரம்பத்தை நிறுத்தினார்கள், ஆந்தைக்காகத் துப்பாக்கியை எடுக்கிறார்கள். இந்தப் பேரேட்டில் வரவும் செலவும் 'டேலி' ஆகவே மாட்டேன் என்கிறது. காடு நின்றது நல்லது. அதற்காக ஒரு கை வித்தை போனது நஷ்டமே இல்லை என்று நான் எழுத மாட்டேன்.

ஏனென்றால் அந்த வித்தை நமக்கும் தேவைப்படுகிறது. 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் சென்னையில் மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனதே, மறுநாள் எங்கள் தெருவில் தூங்குமூஞ்சி மரத்தை அறுக்க இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் மழுங்கின ரம்பத்தை முட்டுக்கொடுத்து அமுக்கிக்கொண்டிருந்தார். புகைதான் வந்தது. இன்னொருவர் பிளாட்பாரத்தில் குத்தவைத்து, பீடிக்கட்டு மாதிரி சட்டைப்பையில் செருகியிருந்த அரத்தை எடுத்து, பத்து நிமிஷம் பல்பல்லாகத் தேய்த்தார். "என்னண்ணே, மரம் கெடக்கு, இங்க உக்காந்து தேய்ச்சிட்டிருக்கீங்க?" என்றேன். "மொக்கை ரம்பம்தான் சார் ஆளைக் கடிக்கும்" என்றார். அழுத்த அழுத்தக் கை சலிக்கும், கை சலித்தால் பிடி நழுவும், பிடி நழுவினால் கால் போகும். அப்புறம் எழுந்து போய் அறுத்தார். மதியத்துக்குள் தெருவில் ஆட்டோ ஓடியது.

அவரிடம் மெஷின் இல்லை. ஆனால், எது கூர் என்று தெரியும். தெரிந்த ஆட்கள் இருக்கும்வரைதான் நல்ல மெஷினுக்கு மதிப்பு. அவர்கள் போய்விட்டால் மலிவு மெஷினே நல்ல மெஷின்.

அடுத்த தடவை உங்கள் தெருவில் மரம் அறுத்தால், கீழே விழுவதைக் குனிந்து பாருங்கள். சீவல் சீவலாக விழுந்தால் ரம்பம் கூர். ரவை மாதிரி தூளாகக் கொட்டினால் மழுங்கல். பத்தடி தள்ளி நில்லுங்கள். அறுக்கிறவரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: "அண்ணே, கொஞ்சம் உக்காந்து தீட்டிட்டு வாங்க. நாங்க வெயிட் பண்றோம்."