கதிரவன் தரும் குடிநீர்

கோடை நாட்களில் போலாரத்து வீடுகளில் ஆழ்குழாய்க் கிணற்று நீரைக் காய்ச்சி இறக்கினால், பாத்திரத்தின் அடியில் வெண்ணிறப் படிவு தங்குவதைக் காண்கிறோம். நீர் ஆவியாகிச் செல்லும்போது அதில் கரைந்துள்ள உப்பு உடன் செல்வதில்லை. உவர்நீரை நன்னீராக்கும் வழி அடுப்படியிலேயே அமைந்திருக்கிறது.

நம்மிற் பலர் விட்டு வந்த இராமநாதபுரக் கரையோரத்தை எண்ணிப் பார்ப்போம். எதிரே கடல், கிணற்றிலோ உவர்நீர். தாய்மார் குடம் ஏந்தி நடக்கும் தொலைவே அங்குக் குடிநீரின் விலை. ஆயினும் மழை பொய்த்தாலும் வெயில் பொய்ப்பதில்லை. அவ்வெயிலையே அடுப்பாகக் கொள்ளலாகாதா?

கொள்ளலாம். 1872-ஆம் ஆண்டிலேயே சிலி நாட்டின் லாஸ் சலினாஸ் என்னும் வறண்ட சுரங்கப் பகுதியில் சார்லஸ் வில்சன் என்பார் இதைச் செய்து காட்டினார். நம் நாட்டில், 1954-இல் பவநகரில் தொடங்கப்பெற்ற மத்திய உப்பு, கடல்சார் இரசாயன ஆராய்ச்சி நிலையம், 1978-இல் குஜராத்தின் அவானியா கிராமத்தில் சூரிய வாலை ஒன்றை நிறுவியது. ஆழமற்ற தொட்டியில் உவர்நீர். அதன்மேல் சாய்வான கண்ணாடிக் கூரை. வெயிலில் எழும் ஆவி கண்ணாடியில் குளிர்ந்து, துளித்துளியாக வழிந்து, ஓரத்துக் கால்வாயில் சேரும். இதற்கு எண்ணெயும் வேண்டா, எந்திரமும் வேண்டா.

குறையும் உண்டு. ஒரு சதுர மீட்டர்ப் பரப்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 லிட்டரே தரும். அவானியாவில் 5,000 லிட்டர் பெற 1,800 சதுர மீட்டருக்கு மேல் பரப்பு தேவைப்பட்டது. ஆகவே இப்போது மற்றொரு முறை பரவி வருகிறது. சூரியத் தகடுகள் தரும் மின்சாரத்தால் பம்பை இயக்கி, உவர்நீரை நுண்ணிய சவ்வின் வழியே அழுத்துகின்றனர். நீர் புகும், உப்பு தடைபடும். ஆவியாக்குவதைவிட இதற்கு மிகக் குறைந்த ஆற்றலே போதும். 2006-இல் ராஜஸ்தானின் கோட்ரி கிராமத்தில் இவ்வகை நிலையம் அமைந்தது.

எனினும் நிலையம் அமைப்பது பாதி வேலையே. தகட்டில் தூசி படியும், சவ்வு அடைபடும், எஞ்சிய கடும் உவர்நீரை வயலில் விட்டால் மண் கெடும். ஆதலின், பிறந்த ஊருக்கு இத்தகைய நிலையம் அமைக்கப் பொருள் அனுப்ப எண்ணும் அன்பர்கள் முதலில் மூன்று வினாக்களை எழுப்புவது நன்று: நாள்தோறும் துடைத்துப் பேணுபவர் யார்? கழிவுநீர் செல்லுமிடம் எது? புதுச் சவ்வு வாங்கும் பணத்தை யார் சேர்த்து வைப்பர்? இம்மூன்றுக்கும் ஊராரே விடை கூறுவாராயின், கதிரவன் தன் பங்கைத் தவறாது செய்வான்.