வடிகட்ட வடிகட்ட ஊறும் கொழுப்பு

குழந்தையின் முழங்கையிலும் முட்டியிலும் மஞ்சள் நிறத்தில் சின்னச் சின்னக் கட்டிகள். வலி இல்லை, அரிப்பு இல்லை. மரு என்று நினைத்துத் தோல் மருத்துவரிடம் கூட்டிப் போகிறார்கள். விரலிடுக்கிலும் அதே மஞ்சள் திட்டைப் பார்க்கும் அனுபவமுள்ள மருத்துவர், களிம்பை விட்டுவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதுவார். 110க்குள் இருக்க வேண்டிய எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு 500ஐத் தாண்டியிருக்கும்.

இது நெய்யும் பலகாரமும் செய்த வேலை இல்லை. பிள்ளைக்கு ஊட்டி வளர்த்த தாயைக் குற்றம் சொல்வது பெரிய அநியாயம். ரத்தத்தில் மிதக்கும் எல்.டி.எல். துகள்களைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும் ஏற்பிகள் கல்லீரல் செல்களின் மேல் இருக்கின்றன. அவற்றைக் கண்டறிந்த டெக்சாஸ் மருத்துவர்கள் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. தாய், தந்தையரில் ஒருவரிடமிருந்து பழுதான மரபணு வந்தால், ஏற்பிகளில் ஏறக்குறைய பாதிதான் வேலை செய்யும். சுமார் 250 பேரில் ஒருவருக்கு இந்த நிலை. இருவரிடமிருந்தும் வந்துவிட்டால் ஏற்பிகள் அநேகமாக முடங்கிவிடும். சுமார் 3 லட்சம் பேரில் ஒருவர் அப்படிப் பிறக்கிறார். அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொள்ளும் குடும்பங்களில் இந்த வாய்ப்பு கூடுதல். நம் ஊரில் இதை அழுத்தித்தான் சொல்ல வேண்டும்: சிகிச்சை இல்லாவிட்டால் இந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளி வயதிலேயே மாரடைப்பு வரலாம்.

பெரியவர்கள் சாப்பிடும் ஸ்டாட்டின் மாத்திரை, கல்லீரலின் ஏற்பிகளைப் பெருக்கித்தான் கொழுப்பைக் குறைக்கிறது. வேலை செய்யாத ஏற்பியை எத்தனை பெருக்கினாலும் பலன் சொற்பம். அதனால்தான் ரத்தத்தை உடலுக்கு வெளியே கொண்டுவந்து கொழுப்பைப் பிரித்தெடுக்கும் வழிக்கு மருத்துவர்கள் போனார்கள்.

லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் கில்பர்ட் தாம்சன் 1975இல் செய்தது பிளாஸ்மா மாற்றம். ரத்தத்தின் திரவப் பகுதியான, கொழுப்பு நிறைந்த பிளாஸ்மாவை எடுத்துவிட்டு, அதற்கு ஈடாக வேறு திரவத்தை ஏற்றினார். பத்தாண்டு கழித்து அவர் குழு ஒரு கணக்கை வெளியிட்டது. சிகிச்சை பெற்ற ஐந்து பேர், அதே நோயோடு பிறந்து அது கிடைக்காமல் போன தங்கள் உடன்பிறப்புகளைவிடச் சராசரியாக ஐந்தரை ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். ஒரே வயிற்றில் பிறந்தவர்களை வைத்துப் போட்ட கணக்கு இது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் படிக்கும்போது மனம் கனக்கிறது.

பிளாஸ்மாவை மொத்தமாக மாற்றினால் நல்ல கொழுப்பும், நோய் எதிர்ப்புப் புரதங்களும் சேர்ந்தே போய்விடும். 1980களில் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் எல்.டி.எல்.லை மட்டும் பிடிக்கும் கருவிகள் வந்தன.

இந்தச் சிகிச்சை நடக்கும் இடம் பார்வைக்கு டயாலிசிஸ் அறை மாதிரியே இருக்கும். ஒரு கை ஊசி வழியாக ரத்தம் வெளியேறும், மறு கை வழியாகத் திரும்பும். நடுவே கருவி, செல்களைத் தனியாகவும் மஞ்சள் பிளாஸ்மாவைத் தனியாகவும் பிரிக்கிறது. ஜப்பானிய முறையில் பிளாஸ்மா, டெக்ஸ்ட்ரான் சல்பேட் பூசிய நுண்மணிகள் அடைத்த குழாய்க்குள் போகிறது. மணிகளில் எதிர்மின்னூட்டம், எல்.டி.எல். துகளின் புரதத்தில் நேர்மின்னூட்டம், ஒட்டிக்கொள்கிறது. ஒரு குழாய் நிரம்பியதும் பிளாஸ்மா பக்கத்துக் குழாய்க்கு மாறும். முதல் குழாயை உப்புக் கரைசல் கழுவி அடுத்த சுற்றுக்குத் தயார் செய்யும். இப்படி மாறி மாறி, இரண்டிலிருந்து நான்கு மணி நேரம். ரத்தம் உறையாமல் இருக்கச் சிட்ரேட் சேர்த்தால் கால்சியம் குறைந்து உதடும் விரல்நுனியும் மரத்துக் கூச்செடுக்கும். ரத்த அழுத்தத்துக்கு ஏ.சி.இ. வகை மாத்திரை சாப்பிடுபவர் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். இந்த நுண்மணிக் குழாயோடு அது சேர்ந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று சரிந்துவிடும்.

ஒரு அமர்வில் எல்.டி.எல். 60, 70 சதவீதம் இறங்கும். ஆனால் கல்லீரல் கொழுப்பைத் தயாரித்துக்கொண்டேதான் இருக்கிறது. ஒன்றிரண்டு வாரத்தில் பழைய அளவை நெருங்கிவிடும், மறுபடியும் ஊசி. வாழ்நாள் முழுக்க இதுதான். ஐந்து வயதில் தொடங்குவது நல்லது, எட்டைத் தாண்ட விடக் கூடாது என்கிறது ஐரோப்பிய நிபுணர் குழு. அந்த வயதுப் பிள்ளை மணிக்கணக்கில் கையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும் என்றால் அதன் பாடு என்ன என்று நினைத்துப் பாருங்கள்.

ஏற்பிகளின் தயவு இல்லாமலே வேலை செய்யும் எவினாகுமாப் என்ற மருந்துக்கு 2021இல் அமெரிக்கா அனுமதி தந்தது. எல்.டி.எல்.லை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது, விலைதான் எட்டாத உயரத்தில். கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சையும் இருக்கிறது. அது கடைசி வழி.

எதைச் செய்தாலும், ரத்தக்குழாய் அடைபடுவதற்குள் செய்ய வேண்டும். உங்கள் குடும்பத்தில் ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 60 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால், வீட்டுக் குழந்தைகளுக்கும் ஒருமுறை கொழுப்பு அளவைப் பார்த்துவிடுங்கள். தெருமுனை ஆய்வுக்கூடத்தில் எடுக்கும் சாதாரண ரத்தப் பரிசோதனையே அதற்குப் போதும்.