குளத்தில் தானாக ஏறும் சாயம்

தண்ணீரில் நிறம் தெரிந்தால் திருப்பூர்க்காரர்களின் சந்தேகம் முதலில் சாயப்பட்டறை மேல்தான் போகும். நொய்யல் ஆறு பட்ட பாடு அப்படி. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாடு இல்லாத பட்டறைகளை மூடச் சொல்லி 2011இல் சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவிட்டது. ஆனால் பச்சைப் பெயிண்டைக் கொட்டியதுபோலக் குளத்தின் மேல் ஆடை படர்ந்தால், அது உயிருள்ள சாயமாகவும் இருக்கலாம். அதன் பெயர் நீலப்பச்சைப் பாசி, அதாவது சயனோபாக்டீரியா.

பாசி என்று அழைத்தாலும் அது பாக்டீரியா. பச்சையத்தோடு பைக்கோசயனின் என்ற நீல நிறமியும் அதற்குள் உண்டு. செத்து அழுகும்போது அந்த நீலம் கசிந்து கரையில் சாயம்போலவே படியும். ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றில் ஆக்சிஜன் சேரக் காரணமான இனம் இது. மாட்டுக்குப் போடும் அசோலாவின் இலைக்குள் குடியிருந்து நைட்ரஜனைப் பிடித்துத் தருவதும் இதன் சொந்தம்தான்.

எல்லா வகையும் நஞ்சல்ல. ஆனால் மைக்ரோசிஸ்டிஸ் போன்றவை கல்லீரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டினை உண்டாக்கும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரில், ஈரி ஏரியிலிருந்து வந்த குழாய்நீரைக் குடிக்க வேண்டாம் என்று நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குச் சொல்ல நேர்ந்தது. கொதிக்க வைத்தாலும் இந்த நஞ்சு அழியாது. நீர் வற்றுவதால் அடர்த்திதான் கூடும்.

கையுறை போட்டு, கண்ணாடி பாட்டிலில் குளத்து நீரை எடுத்து ஓரிரவு அசைக்காமல் வையுங்கள். பச்சை மேலே மிதந்தால் நீலப்பச்சைப் பாசி என்று சந்தேகிக்கலாம். நஞ்சு உண்டா என்பதை ஆய்வகம்தான் சொல்ல முடியும். அதுவரை அந்தத் தண்ணீரில் குழந்தைகளை இறக்காதீர்கள். மாட்டையும் நாயையும் குடிக்க விடாதீர்கள்.

வீட்டு மீன் தொட்டியில் இது கூழாங்கல் மேல் வழவழப்பான போர்வையாகப் படரும்; விரல் பட்டால் ஏடாக உரியும், நாற்றமடிக்கும். அதை உறிஞ்சி எடுக்கும் ட்யூபில் வாய் வைக்காதீர்கள். கையில் காயம் இருந்தால் தண்ணீருக்குள் விடாதீர்கள். பாசியை எடுத்துவிட்டு, ஒரு பகுதி நீரை மாற்றுங்கள். விளக்கு எரியும் நேரத்தையும் தீனியையும் குறையுங்கள். ஆன்டிபயாடிக் போட்டால், தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும் நல்ல பாக்டீரியாவும் சாகக்கூடும்.

தொட்டியில் மிஞ்சிய தீனி செய்வதைத்தான் குளத்தில் சாக்கடையும் வயலிலிருந்து வழியும் உரமும் செய்கின்றன. வெயிலும் அசையாத நீரும் சேர்ந்தால் பாசிக்குக் கொண்டாட்டம். 2024இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பிடித்த திருப்பூரின் நஞ்சராயன் குளத்துக்கு எங்கிருந்தோ பறவைகள் நம்பி வருகின்றன. அவை குடிக்கும் தண்ணீருக்குள் சாக்கடை கலக்காமல் பார்ப்பது நம் கடமை.