"இந்த ஒரு மேட்ச் மட்டும்மா!"

ராத்திரி 11 மணி. எழுமலையில் என் அக்கா வீடு. ஊரே அடங்கிவிட்டது. மாடிப்படியில் உட்கார்ந்திருந்த அக்கா மகன் மட்டும் அடங்கவில்லை. கையில் செல்போன், காதில் ஹெட்போன். "டேய், பின்னாடி வர்றான் பாரு... சுடுறா, சுடுறா!"

"பத்தாவது படிக்கிற புள்ளையாடா நீ? போனை வச்சுட்டு வந்து படு!"

"இரும்மா... இந்த ஒரு மேட்ச் மட்டும்!"

அந்த 'ஒரு மேட்ச்' முடிந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். மொத்தம் நாலு!

"காலையில எழுப்புறதுக்குள்ள உசுரு போகுது தம்பி. கண்ணு ரெண்டும் செவசெவன்னு கெடக்கு. அவுக அப்பா ஒருநாள் போனைப் புடுங்கி பீரோவுல வச்சுப் பூட்டிட்டாக. ரெண்டு நாள் சோறு திங்க மாட்டேன்னுட்டான். இது என்ன நோயாப்பா?" என்றாள் அக்கா.

நோயா, இல்லையா என்பதற்கு முன்னால் ஒரு விஷயம். சுடுகிற விளையாட்டு நமக்கொன்றும் புதுசில்லை. சித்திரைப் பொருட்காட்சிக்குத் தமுக்கம் மைதானத்துக்குப் போய் பலூன் சுடாதவர் நம்மில் யார்? ஆனால் கையிலிருந்த காசு தீர்ந்தால் துப்பாக்கியை வைத்துவிட்டு வரவேண்டியதுதான். ஆட்டம் தானாக முடிந்துவிடும். இந்த 'முடிந்துவிடும்' என்பதைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

1962-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில், பீரோ அளவு கம்ப்யூட்டரில் சில இளைஞர்கள் 'ஸ்பேஸ்வார்' என்ற விளையாட்டை உருவாக்கினார்கள். இரண்டு விண்கலங்கள் ஒன்றையொன்று சுடும், அவ்வளவுதான். 1978-ல் ஜப்பான்காரர் தோமோஹிரோ நிஷிகாடோ 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' செய்தார். அதில் ஒரு வேடிக்கை. எதிரிகளைச் சுடச்சுட, மிச்சமிருப்பவர்கள் வேகம் எடுப்பார்கள். அவர் திட்டம் போட்டுச் செய்ததல்ல. திரையில் உருவங்கள் குறையக்குறைய, அந்தக் காலத்து மெஷினுக்குப் பளு குறைந்து வேகம் தானாகக் கூடியது! 'இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது' என்று அப்படியே விட்டுவிட்டார். நெஞ்சு படபடக்க வைக்கும் வித்தை அன்றே கைக்கு வந்துவிட்டது.

பிறகு டி.வி.யில் கேசட் செருகி ஆடும் காலம். வாத்து சுடும் 'டக் ஹன்ட்', 1987-ல் வந்த 'கான்ட்ரா' எல்லாம் நம் ஊர் வீடுகளுக்கும் வந்தன. மூன்று உயிர் போனால் ஆட்டம் காலி. அம்மா கூப்பிட்டால் நிறுத்திவைக்க 'பாஸ்' பட்டன் வேறு!

1993 டிசம்பரில் 'டூம்' வந்தது. திரையில் துப்பாக்கி மட்டும் தெரியும். பிடித்திருப்பது நம் கை, பார்ப்பது நம் கண். இந்த பாணியை முந்தைய வருஷமே 'வுல்ஃபென்ஸ்டைன் 3டி' பிரபலமாக்கியிருந்தது என்றாலும், உலகத்தைப் பிடித்து ஆட்டியது டூம்தான். 1999-ல் 'கவுன்ட்டர் ஸ்ட்ரைக்', 2000-ல் 'ஐ.ஜி.ஐ.' என வரிசைகட்டி வந்தன. பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஆடினார்கள். "தம்பி, டைம் முடிஞ்சிருச்சு" என்று கடைக்காரர் சொன்னால் எழுந்தே ஆகவேண்டும்.

2016-ல் ஜியோ வந்து டேட்டா மலிந்தது. 2017-ல் வந்த 'பப்ஜி', 2018-ல் செல்போனுக்குள் புகுந்தது. நூறு பேர் பாராசூட்டில் குதித்து, கடைசி ஆள் மிஞ்சும் வரை சுட்டுக்கொள்ளும் ஆட்டம். ஒரு மேட்ச் ஏறக்குறைய அரை மணி நேரம். 2020 செப்டம்பரில் மத்திய அரசு பப்ஜியைத் தடை செய்தது. 2021-ல் 'பி.ஜி.எம்.ஐ.' என்று பெயர் மாற்றி வந்து, 2022-ல் மறைந்து, 2023 மே மாதம் திரும்பியது. இந்த முறை 18 வயதுக்குக் கீழே என்றால் நாளுக்கு 3 மணி நேரம்தான் என்று கட்டுப்பாடு. அக்கா மகன் அதில் கொடுத்திருந்த வயது அவன் அப்பாவுடையது!

இப்போது புரிகிறதா? காசும் தீராது, கடைக்காரரும் எழுப்ப மாட்டார். நேரலை ஆட்டத்தில் 'பாஸ்' பட்டனும் கிடையாது. பாதியில் எழுந்தால் கூட்டாளிகள் தோற்பார்கள், திட்டுவார்கள். 'இரும்மா' என்று பையன் சொல்வதில் பாதி நிஜம்.

உலக சுகாதார நிறுவனம் 'கேமிங் டிஸார்டர்' என்பதை நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2022 ஜனவரியில் அது அமலுக்கு வந்தது. ஆடுகிற எல்லோருக்கும் அந்த முத்திரை குத்திவிடக் கூடாது. நிறுத்த நினைத்தும் முடியாமல், சாப்பாடு, படிப்பு, உறவு எல்லாவற்றையும்விட ஆட்டமே பெரிதாகி, கெடுதல் தெரிந்தும் தொடர்ந்து, இப்படியே பொதுவாக 12 மாதம் போனால்தான் நோய். துப்பாக்கி விளையாட்டு ஆடினால் நிஜத்தில் வன்முறையில் இறங்குவான் என்பதற்கும் போதிய ஆதாரமில்லை என்று அமெரிக்க உளவியல் சங்கம் 2020-ல் சொல்லிவிட்டது. அவ்வளவு ஏன், இந்த ஆட்டங்கள் பார்வைக் கவனத்தைக் கூர்மையாக்குகின்றன என்று 2003-லேயே ஓர் ஆய்வு வந்திருக்கிறது.

என் கவலை தூக்கம்தான். பதின்வயதுப் பிள்ளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். ராத்திரி திரை வெளிச்சம் 'மெலடோனின்' சுரப்பைத் தள்ளிப்போடும். சண்டை முடிந்த படபடப்பில் படுத்தவுடன் உறக்கமும் வராது. திரையை உற்றுப் பார்க்கையில் இமைப்பது வெகுவாகக் குறைவதால் கண் காய்ந்து சிவக்கிறது. காலை எரிச்சலுக்கு அரைகுறைத் தூக்கமே போதுமான காரணம்.

அக்காவிடம் சொன்னேன்: "மணிக்கணக்குப் பேசாதக்கா, மேட்ச் கணக்குப் பேசு. சாயங்காலம் ரெண்டு மேட்ச். பாதியில புடுங்காத. ஒன்பது மணிக்கு மேல எல்லார் போனும் ஹால்ல, சார்ஜர்ல. ஒவ்வொரு மேட்ச் முடிஞ்சதும் மாடிக்குப் போயி மலையைப் பாத்துட்டு வரச் சொல்லு, கண்ணுக்கு ஓய்வு." மாதக்கணக்கில் சாப்பாடு, பள்ளிக்கூடம் எல்லாம் கெட்டால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்குப் போன் செய்யலாம். இலவசம், தமிழிலேயே பேசலாம். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவும் இருக்கிறது.

போன வாரம் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அவன் ஒன்பதரைக்கே படுத்துர்றான் தம்பி. அவுக அப்பாதான் 'இந்த ஒரு ரீல்ஸ் மட்டும்'ன்னு போனை வைக்க மாட்டேங்குறாக!"