வேலை மாடுகளும் சட்டமும்

வண்டி மாடுகளை வேலை வாங்கவும் சட்டத்தில் அளவு உண்டு என்பது நம் விவசாயிகள் பலருக்குத் தெரிவதில்லை. மத்திய அரசு 1960-ல் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் இயற்றியது. இழுவை மாடுகளுக்கான விதிகள் 1965-ல் வந்தன. இத்துறையில் மாநிலங்களும் சட்டம் செய்யலாம். தமிழக சட்டமன்றம் 2017-ல் செய்த திருத்தம் ஜல்லிக்கட்டுக்கு இடமளித்தது. வண்டி மாட்டின் விதிகளை அது மாற்றவில்லை.

வேலை நேரம்: ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேலும், இடையில் ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலும் மாட்டை வண்டியில் பூட்டக் கூடாது. வெப்பம் 37 டிகிரி செல்சியசைத் தாண்டும் இடங்களில் பகல் 12 முதல் 3 மணி வரை பூட்டக் கூடாது. உழவுக்கும் இதே அளவைக் கடைப்பிடிப்பது நல்லது. கோடையில் விடியற்காலையில் ஏர் பூட்டி, வெயில் ஏறுமுன் அவிழ்த்துவிட வேண்டும். எருமைக் கடா வெயிலை அதிகம் தாங்காது.

தார்க்குச்சி: முனையில் ஆணி வைத்த தார்க்குச்சியை உபயோகிப்பது குற்றம். குத்திய இடம் புண்ணாகும். பின்னால் தோலின் விலையும் குறையும்.

கழுத்துப் புண்: புண்ணுள்ள மாட்டையும் நொண்டும் மாட்டையும் வேலை வாங்குவது குற்றம். புண் ஆறும்வரை ஓய்வு கொடுத்து, நுகத்தடியை வழவழப்பாகச் செதுக்கிக்கொள்ள வேண்டும். உயரம் ஒத்த மாடுகளையே ஜோடி சேர்க்க வேண்டும். வண்டியில் முன்பாரம் மிகுந்தால் கழுத்து அழுந்தும். பின்பாரம் மிகுந்தால் பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். ஆகவே பாரத்தைச் சமமாக ஏற்றவும்.

சந்தைக்கு ஏற்றும்போது: 1978-ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரு லாரியில் 6 மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. பயணத்துக்குத் தகுதியானவை என்ற கால்நடை மருத்துவரின் சான்றும், உடன் செல்ல ஓர் ஆளும் வேண்டும்.

சாதாரண வதைக் குற்றங்களுக்கு 1960-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த அபராதம், முதல் முறைக்கு 10 முதல் 50 ரூபாய்தான். இதைக் கண்டு அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. வழக்கு வந்தால், மாட்டைச் சிகிச்சைக்கு அனுப்பி அந்தச் செலவை உரிமையாளரிடமே வசூலிக்க இடமுண்டு. குற்றம் உறுதியாகி, மேலும் வதை நேரும் என்று நீதிமன்றம் கருதினால் மாட்டையே அரசு எடுத்துக்கொள்ள உத்தரவிடலாம். ஒரு ஜோடி மாட்டை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கு இது பேரிழப்பு.

மாட்டுக்கு நேரத்தில் ஓய்வு, தண்ணீர், நிழல் கொடுத்தால் சட்டத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. மாடும் பல ஆண்டுகள் உழைக்கும். புண், நொண்டல் கண்டவுடன் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தை அணுகவும்.